மூன்றாம் குழியும் எட்டாம் குழியும்

வெர்னன் ஹாக்கன்ஸ்மித்துக்குப் பொறாமை ஐம்பத்தைந்து வயதில்தான் வந்தது. சின்ன வயதிலேயே வந்து போயிருந்தால் ஒரு தழும்போடு முடிந்திருக்கும். வயது கடந்து வரும் அம்மை மாதிரி அது அவரைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டது.

அதுவரை பொறாமைப்பட அவருக்கு ஆளே கிடையாது. அமெரிக்க மாநிலம் ஒன்றின் தலைநகரான ஃப்ராங்க்ஃபர்ட்டில், பகலில் சட்டசபைக் கட்டடத்துப் பூட்டுகளைப் பழுதுபார்ப்பார். சாயங்காலம் கார் கொட்டகையில் உட்கார்ந்து தூண்டில் நூல் சுற்றும் பழைய ரீல்களைப் பிரித்து, சுத்தம் செய்து, மாட்டுவார். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கடிகாரக்காரர்கள் கையாலேயே கடைந்து செய்த பித்தளை ரீல்கள் அவை. எல்க்ஹார்ன் ஓடையில் மீன் பிடிக்கிற எவன் வீட்டுப் பரணிலும் ஒன்றாவது கிடக்கும். ரீல் சுற்றாமல் நின்றால், “வெர்னன்கிட்டக் குடு” என்பார்கள். முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்டது சட்டசபைப் பூட்டு என்றாலும், மனசு நிறைந்தது அந்த இரண்டு வார்த்தையில்தான். கைராசிக்காரர் என்று பேர்.

பிறகு லெக்சிங்டனிலிருந்து டாக்டர் கல்ப் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆற்றோரமாக வீடு வாங்கினார். பல் பிடுங்கின கை சும்மா இருக்க முடியாமல் ரீல் பிடுங்க ஆரம்பித்துவிட்டது என்று வெர்னன் முதல் வருஷம் கேலி பேசிக்கொண்டு திரிந்தார். இரண்டாம் வருஷம் கேலி நின்றது. டாக்டரிடம் ஊசி மாதிரி கொக்கிகள், நெற்றியில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ், நிழலே விழாத விளக்கு எல்லாம் இருந்தன. பித்தளையைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கெடுக்கும் கற்றுக்குட்டித்தனமும் அவரிடம் இல்லை. பழைய கறுப்பு நிறத்தை அப்படியே விட்டுவைத்தார். குறை சொல்ல ஒரு இடமாவது விட்டிருக்கக் கூடாதா? 1974 வாக்கில் ஊர், “டாக்டர்கிட்டக் குடு” என்று மாறிவிட்டது. போதாக்குறைக்கு மனுஷன் மரியாதையானவர். வெர்னனை எங்கே பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவார். அந்தத் தொப்பியைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும் போல வெர்னனுக்கு வரும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். மிஸ் ஓபலின் ரீல்தான் பொறுக்க முடியாமல் போனது.

மிஸ் ஓபல் சடத் என்பவள் நீதிபதி சடத்தின் மகள். எண்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தாவின் ரீல் அவளிடம் இருந்தது. அந்த ஊரில் செய்த ரீல்களிலேயே அழகானது அது. ஒவ்வொரு ஏப்ரலிலும் மீன்பிடி சங்கத்தில் சுழற்சிப் போட்டி நடக்கும். கைப்பிடியை ஒருமுறை சுண்டிவிட்டு, ரீல் எத்தனை நொடி தானாகச் சுற்றுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். மிஸ் ஓபலின் ரீல் பதினாறு நொடியில் எங்கோ உரசி நின்றுவிடும். நீதிபதி காலத்தில் யாரோ ஒருமுறை பிரித்து மாட்டினார்களாம், அதிலிருந்தே அப்படித்தான். இருபது வருஷமாக வெர்னன் அதைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் இருபது வருஷமாக, “பாக்கலாம் வெர்னன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து மனைவி லர்லின் செய்தி கொண்டுவந்தாள்.

“மிஸ் ஓபல் ரீல டாக்டர்கிட்டக் குடுத்துட்டாங்களாம்.”

“எந்த ரீல?”

“அவங்ககிட்ட என்ன பத்தா இருக்கு?”

வெர்னன் கையிலிருந்த சோள ரொட்டியைத் தட்டில் வைத்தார். “அந்தாளு போய்க் கேட்டானா?”

“கேக்கவே இல்லியாம். அதனாலதான் குடுத்தாங்களாம். நீ வருஷா வருஷம் நச்சரிச்சே.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “சரி, சரி, சாப்புடு. ரீல்தானே, என்னைய ஒண்ணும் கூட்டிட்டுப் போயிடலையே.”

கூட்டிக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது. நல்லவேளை, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஐந்தாம் நாள் கால் தானாக டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டது.

“வாங்க வெர்னன், வாங்க! நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்,” என்று டாக்டர் உள்ளே அழைத்துப் போனார்.

மேஜைமேல் ரீல் பிரிந்து கிடந்தது. இருபது வருஷமாக வெர்னன் கனவில் பிரித்ததை இன்னொருவன் நிஜத்தில் பிரித்துவைத்திருந்தான். பக்கத்தில் பன்னிரண்டு குழி உள்ள மஃபின் சுடும் தட்டு. பத்துக் குழியில் பத்துத் திருகுகள், எந்தத் துளையிலிருந்து கழற்றியதோ அந்த எண்ணிட்ட குழியில். அதற்கும் மேலே ஒரு காகிதம். பல் டாக்டர்கள் எந்தப் பல் சொத்தை என்று குறித்துவைப்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் குறிப்பு.

“இன்னும் அழுக்கு எடுக்கல. காபி கொண்டாறேன், உக்காருங்க,” என்று டாக்டர் சமையலறைக்குப் போனார்.

அந்த ரீல்களில் ஒரு திருகு மாதிரி இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றும் கையால் மரை வெட்டியது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் உள்ளே போகும், ஆனால் இரண்டு பக்கத் தகட்டையும் பிடித்திருக்கும் தூண் ஒரு மயிரிழை சாயும், ரீல் உரசும். குழப்பம் வராமலிருக்க அந்தக் காலத்தவர்கள் திருகுத் தலைக்கு அடியில் ஊசிமுனையால் புள்ளி குத்திவைத்தார்கள். ஒரு புள்ளி என்றால் முதல் துளை, மூன்று என்றால் மூன்றாவது. லென்ஸ் வைத்து, அழுக்கெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். “மொதல்ல தலைக்கு அடியப் பாரு” என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தவர் வெர்னன்.

அன்றைக்கு அவர் தலைக்கு அடியையும் பார்க்கவில்லை, தலைக்கு மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைக்கவில்லை. கை நீண்டது. மூன்றாம் குழியில் இருந்ததை எட்டாம் குழியில் போட்டார், எட்டில் இருந்ததை மூன்றில் போட்டார். காபி வந்தபோது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சர்க்கரை?”

“வேணாம். இனிப்பாத்தான் இருக்கு,” என்றார் வெர்னன், குடிப்பதற்கு முன்பே.

அடுத்த மூன்று வாரம் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது. குஷிதான் கொஞ்சம் கூடுதல். சபையில் எல்லோர் முன்னிலையிலும் ரீல் கரகரத்து நிற்கும். டாக்டர் முகத்தில் ஈயாடாது. பிறகு மிஸ் ஓபல் தடியை ஊன்றிக்கொண்டு, “வெர்னன், நீயே பாருப்பா” என்பாள். இந்தக் காட்சியைப் பூட்டு திறக்கும்போதெல்லாம் ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் சனிக்கிழமை வந்தது. சங்கத்து வாசலில் பெரிய அண்டாவில் இறைச்சியும் சோளமும் வெண்டைக்காயும் போட்ட பர்கூ கொதித்தது. உள்ளே எழுபது பேர். கடைசியாக மிஸ் ஓபலின் ரீலை மேஜைமேல் வைத்து டாக்டர் கைப்பிடியைச் சுண்டினார்.

பதினாறு போனது. இருபத்தைந்து போனது. சத்தமே இல்லை. ஊரே வாயைப் பிளந்து எண்ணியது. முப்பத்தொன்பதில்தான் நின்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் எழுந்தார்.

“இது நான் பண்ணினது இல்ல. எந்தத் திருகு எங்கேருந்து வந்துதுன்னு நான் எழுதி வெச்சிருந்தேன். மூணாம் துளைத் திருகோட தலை வெட்டு கொஞ்சம் சிதைஞ்சிருந்துது. அழுக்கெடுக்கும்போது பாத்தா அது எட்டாம் குழியில கெடக்கு. லென்ஸ வெச்சுப் பாத்தேன், அடியில எட்டுப் புள்ளி! நீதிபதி காலத்துல மாட்டினவன் ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கான். அது புரியாம நானும் தப்பாவே அடுக்கியிருக்கேன். நடுவுல எங்க வீட்டுக்கு வந்தது ஒரே ஒருத்தர். அவர் அதச் சரிபண்ணி வெச்சிட்டு, என்னைக் குத்திக்காட்டாம, காபி குடிச்சிட்டுப் போயிட்டார். வெர்னன், எந்திரிங்க!”

எழுபது பேரும் திரும்பினார்கள். எழுந்திருக்காமல் என்ன செய்வார்? எழுந்தார். அப்படி ஒரு கைதட்டலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கெடுக்கப் போன கை சரியான இடத்தில் போட்டுவிட்டிருக்கிறது. லர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிஸ் ஓபல் ரீலை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நான் ஆளத் தப்பாப் பாத்துட்டேன்ப்பா. இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும். நான் போனப்புறமும்.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. ஆனால் ரீல் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து டாக்டர் கல்ப் கொட்டகை வாசலில் நின்றார். கையில் ஒரு பெட்டி. சவரம் செய்யாத முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம். பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். கொக்கிகள், லென்ஸ், எல்லாம் அதில்.

“நீங்களே வெச்சுக்குங்க. நான் விட்டுடறேன்.”

“ஏன் டாக்டர்?”

“லென்ஸ் இல்லாம, அழுக்கோட, நான் காபி ஊத்தற நேரத்துக்குள்ள எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பத்து நாளா இதே யோசனை. என்னால இந்த ஜென்மத்துல முடியாது. உங்க பேரக் கேட்டாலே வயிறு எரியுது, வெர்னன். வெக்கத்த விட்டுச் சொல்றேன். எனக்கு உங்க மேல அவ்வளவு பொறாமை.”

மூன்று வருஷமாக வெர்னன் கேட்கத் தவம் கிடந்த சொல். இப்போது கேட்டார். எதிரில் நிற்பது தன் முகமேதான் என்று அவருக்குத் தெரிந்தது. சிவந்த கண், கடித்த பல், எல்லாம் அதே. அந்த நோயை உள்ளும் புறமும் அறிந்தவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“டாக்டர், நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல.”

“பெருந்தன்மையெல்லாம் வேணாம்.”

“கெடுக்கத்தான் மாத்தினேன். எது எந்தத் திருகுன்னு பாக்கவே இல்ல. உங்க ரீல் நாலு பேர் முன்னாடி நிக்கணும்னு, கைக்கு வந்த ரெண்ட எடுத்து மாத்திப் போட்டேன். அது சரியாப் போனது என் கெட்ட நேரம்.”

டாக்டருக்குக் கோபம் வரப்போகிறது என்று வெர்னன் காத்திருந்தார். வரவில்லை.

“அப்ப... உங்களுக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“அப்பாடா!” என்றார் டாக்டர். முகத்தில் பத்து நாளாக இல்லாத ரத்தம் ஓடியது. சட்டென்று பெட்டியை மூடி இடுக்கிக்கொண்டார்.

“ரீல மிஸ் ஓபல்கிட்டக் குடுத்திடறேன். காரணத்தையும் நானே சொல்லிடறேன்,” என்றார் வெர்னன்.

“சொல்லிடுங்க, சொல்லிடுங்க,” என்றபடியே டாக்டர் வாசலைத் தாண்டிவிட்டார். தொப்பியைக் கழற்றக்கூட மறந்துபோய், சீட்டியடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

வெர்னன் ரீலைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த நடையைப் பார்த்தபடி நின்றார். இனிமேல் அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்ததும் அவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.