கனகவல்லியின் சிவப்புச் சீட்டு

தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் கனகவல்லியம்மா இருபத்தொன்பது வருடம் பார்த்த வேலை, பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்ப்பது. ஒப்பந்தக்காரர்கள் அனுப்பும் பூட்ஸ்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மற்றவர்கள் பளபளப்பைப் பார்ப்பார்கள், அடிப்பாகத்தை வளைத்துப் பார்ப்பார்கள். இவர் மணிக்கட்டு மறையும் வரை கையை உள்ளே விட்டு, கட்டைவிரல் படும் இடத்தில் ஆணி முனை ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவுவார்.

"போட்டுக்கிறவனுக்கு வெளிப்பக்கமா தெரியும்? உள்பக்கம்தான் தெரியும்" என்பார்.

குறை இருந்தால் அந்த ஜோடியில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டுவார். ஒருமுறை ஓர் ஒப்பந்தக்காரர் அவர் குவார்ட்டர்ஸுக்கே ஒரு கூடை ஆபூஸ் மாம்பழம் கொண்டுவந்தார். கனகவல்லியம்மா வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பழத்தையும் அழுத்திப் பார்த்தார். மூன்று அழுகல். மூன்றிலும் சீட்டைக் கட்டி, கூடையை முழுதாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தக் கதையைக் கிடங்கில் இன்றும் சொல்கிறார்கள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் காய்ச்சலில் இறந்தபோது அவருடைய வேலை இவருக்கு வந்தது. ஹிந்தியையும் மராத்தியையும் காதால் கற்றுக்கொண்டார். எழுதுவது தமிழ் மட்டும். 1999இல் ஓய்வு பெற்ற பிறகு, பழைய மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டுவிட்டார். அவர் அப்போது ஓர் அறக்கட்டளையின் செயலாளர். அந்த அறக்கட்டளைக்கு ஊரில் நான்கு முதியோர் இல்லங்கள் இருந்தன. பார்வையிடப் போனவர்கள் எல்லாரும் டீ குடித்துவிட்டு 'நன்று' என்று எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"கனகவல்லி, நீ போய்க் கையை உள்ளே விட்டுப் பார்" என்றாராம் அதிகாரி.

அப்படித்தான் 2001 ஜூனில், மழை நாளொன்றில், சொல்லாமல் கொள்ளாமல் விஷ்ராந்த்வாடி இல்லத்துக்குப் போனார். தேஹு ரோட்டிலிருந்து சிவாஜிநகர் வரை லோக்கல் ரயில், பிறகு பஸ். பகல் இரண்டு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவர் சொல்லச் சொல்ல அறிக்கைகளை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நான்தான். அதனால் இதெல்லாம் எனக்கு வரிவரியாகத் தெரியும்.

இல்லத்தில் பத்தொன்பது பேர். நடத்தியவர் மேரி. கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நர்ஸ், நாற்பத்தைந்து வயதிருக்கும். தரை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. எல்லார் தலையும் எண்ணெய் வைத்து வாரியிருந்தது. கனகவல்லியம்மா தலைகளைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து போர்வைகளை விலக்கிக் கால்களைப் பார்த்தார். பதினொரு பேருக்கு நகம் வளைந்து வளர்ந்திருந்தது. பிறகு காலியாக இருந்த ஒரு கட்டிலில் தானே படுத்து, கையை நீட்டி மணியை அழுத்தப் பார்த்தார். எட்டவில்லை. சுவிட்ச் கதவோரம் இருந்தது.

"எழுந்து போய் மணி அடிக்கக்கூடியவங்களுக்கு மணி எதுக்கு?" என்று படுத்தபடியே கேட்டார்.

சமையல்காரர் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பதற்காக ராத்திரிச் சாப்பாட்டை ஐந்தரைக்கே போட்டுவிடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. அறிக்கையில் 'தேறவில்லை' என்று எழுதச் சொன்னார்.

மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் யாரையாவது அடிச்சேனா மேடம்? பட்டினி போட்டேனா? ஒத்த ஆளா பத்தொன்பது பேரைப் பார்க்கிறேன். நீங்க நகத்தைப் பார்த்து ஃபெயில் போடறீங்க!"

"முகம் பார்க்க வர்றவங்களுக்கும்மா. கால்தான் இங்க இருக்கிறவங்களுக்கு."

செப்டம்பரில் மறுபடி போனார். நகங்கள் எல்லாம் வெட்டியிருந்தன. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மணி. சாப்பாடு ஏழு மணிக்கு. மேரி சிரித்த முகமாக நின்றார். மேஜை மேல் புத்தம் புதுக் குறைப் புத்தகம், நூலில் கட்டிய பேனாவோடு. கனகவல்லியம்மா பிரித்தார். முதல் பக்கம் வெள்ளை. கடைசிப் பக்கமும் வெள்ளை.

கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டார். "சப் டீக் ஹை." "சகள சான்." "ஒண்ணும் குறையில்லம்மா." பாஷைதான் வேறு, பத்தொன்பது பேரும் ஒரே பதில். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற, எப்போதும் அதிகம் பேசுகிற கல்யாணசுந்தரம்கூட "எக்ஸலென்ட்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

மறுபடியும் 'தேறவில்லை'.

"இப்ப என்ன குறை?" மேரி கத்தியே விட்டார்.

"குறையே இல்லாத பூட்ஸ் லாட் நான் பார்த்ததில்ல. அப்படி ஒண்ணு வந்தா, பார்த்தவ தூங்கியிருக்கான்னு அர்த்தம்."

அக்டோபரில் அறக்கட்டளைக் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மூன்றாவது முறையும் தேறவில்லையென்றால் விஷ்ராந்த்வாடி இல்லத்தை மூடிவிடுவது. பத்தொன்பது பேரையும் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய இல்லத்தில் எங்கே கட்டில் காலியோ அங்கே போடுவது. மேரிக்கு அங்கே வேலை இல்லை. முடிவைச் சொன்ன கடிதத்தில் ஒரு பிரதி கனகவல்லியம்மாவுக்கும் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன்.

மறுநாள் காலையே, பார்வையிட அல்ல, சும்மா கிளம்பிப் போனார். தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர் அவர். எண்பது வயது, வாய் மட்டும் இருபது.

"இன்னாம்மா, நெசமாவே ஒரு குறையும் இல்லியா உங்களுக்கு?"

அந்தோணியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "இருக்குது. நூறு இருக்குது. சொன்னா நீ எழுதுவ. எழுதினா மேரி போயிடும். வேற எவளாவது வருவா. எங்களுக்கு இவதான் வேணும். அதான் எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம், வாயத் திறக்கறதில்லன்னு."

"யாரு பேசி வெச்சது?"

"அந்த பேங்க்காரர்தான். மீட்டிங் போட்டு, கை தூக்கச் சொல்லி!"

கனகவல்லியம்மா சிரித்த சிரிப்பில் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது. "அட, நீங்க வாயை மூடினதாலதான் நான் ஃபெயில் போட்டேன்!"

அந்தோணியம்மாள் நம்பவில்லை. அப்போதுதான் கனகவல்லியம்மா சிவப்புச் சீட்டைப் பற்றிச் சொன்னார். சீட்டுக் கட்டிய பூட்ஸைத் தூக்கிப் போடுவதில்லை. அது தொழிற்சாலைக்குத் திரும்பப் போய், சரியாகி, மறுபடி வரும். சீட்டு இல்லாமல் போய்விட்ட பூட்ஸ்தான் எவனோ ஒருவன் காலைக் கிழிக்கும். அந்தோணியம்மாள் இதை அன்றைக்கே பேங்க்காரர் காதில் போட்டுவிட்டார்.

டிசம்பர் முதல் வாரம் மூன்றாவது பார்வை. அதற்கு முன் பத்து நாள் எங்கள் காலனியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் வாங்கிச் சீட்டாக வெட்டி, சிவப்பு மை தடவி, துளையிட்டு நூல் கோத்தார். இல்லத்துக்குப் போனதும் ஆளுக்கு ஐந்து சீட்டுக் கொடுத்தார்.

"எது சரியில்லியோ அதுல கட்டுங்க. ஒரு மணி நேரம். மேரி, நீ வெளியே வராண்டாவுல உட்காரு. உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது."

முதலில் யாரும் அசையவில்லை. எல்லாரும் கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் பேப்பரை மடித்தார், எழுந்தார், நேராகப் போய் டிவி ரிமோட்டில் ஒரு சீட்டைக் கட்டினார். "இது எப்பப் பார்த்தாலும் அந்தோணியம்மாள் மடியிலேயே இருக்கு. ஜனநாயகம் செத்துப் போச்சு இந்த வீட்டுல."

"அப்படியா?" அந்தோணியம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவருடைய சட்டைப் பித்தானிலேயே ஒன்றைக் கட்டினார். "குறட்டை. மூணு ரூம் தாண்டிக் கேக்குது. இதையும் ஃபேக்டரிக்கு அனுப்புங்க."

அவ்வளவுதான், அணை உடைந்தது. நடக்க முடிந்தவர்கள் ஓடாத குறை. முடியாதவர்கள் படுத்த இடத்திலிருந்தே, "அரே, எனக்காக அந்த ஃபேன்ல ஒண்ணு!" என்று கூவினார்கள். குளியலறைத் தாழ்ப்பாளில் நான்கு சீட்டு. ஒரு மெத்தையில் ஆறு. டீ கெட்டிலில் ஏழு. இட்லித் தட்டில் தொங்கிய சீட்டுகளைப் பார்த்துச் சமையல்காரர் முறைத்தபோது கல்யாணசுந்தரம் ஓர் இட்லியை எடுத்துக் காட்டினார். "இதை கேரம் போர்டுல வெச்சு அடிச்சா ராணி விழும்யா!" சமையல்காரரே சிரித்துவிட்டார். அவரும் ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி, புகையும் அடுப்பில் கட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து மேரி உள்ளே வந்தார். வீடு முழுக்கச் சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது. மொத்தம் அறுபத்தொரு சீட்டு. மேரி ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு."

"உன் ரூம் கதவைப் பார்த்தியா?" என்றார் கனகவல்லியம்மா.

அங்கே ஒரு சீட்டு. ஒருவர் மராத்தியில் எழுதி, பலர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'மேரி நான்கு வருடமாக லீவு எடுக்கவில்லை. இது சரியில்லை.'

மேரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. "இது எங்க கட்டறதுன்னு சண்டையே வந்துச்சு" என்றார் அந்தோணியம்மாள். "உன் ஜடையில கட்டலாம்னேன். இவங்க விடல."

அறிக்கையில் அறுபத்தொரு சீட்டுகளையும் வரிசையாக எழுதினேன், குறட்டை உட்பட. கடைசி வரி: 'தேறியது.' செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாராம், சைபர் குறைக்கு ஃபெயில், அறுபத்தொன்றுக்குப் பாஸா, என்ன கணக்கு இது என்று.

"சார், அந்த வீட்டுல இப்ப பத்தொன்பது பேரு செக்கிங் பண்றாங்க. நான் ஒருத்தி பார்த்ததை விட அது மேல் இல்லையா?" என்றார் கனகவல்லியம்மா.

இல்லம் மூடப்படவில்லை. மெத்தைகள் ஜனவரியில் மாறின. தாழ்ப்பாளைக் கல்யாணசுந்தரமே ஆள் பிடித்துச் சரிசெய்தார். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, அந்தக் கிறிஸ்துமஸுக்கு மேரி நான்கு நாள் கட்கிக்குப் போனார். அவர் இடத்தில் நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்ததோடு, துணைக்குக் கனகவல்லியம்மாவும் போய்த் தங்கினார். முதல் நாள் சமையல்காரரை ஒதுக்கிவிட்டு, வேலூர்ப் பக்குவத்தில் தானே ஒரு காரக்குழம்பு வைத்தார். பரிமாறிவிட்டுத் திரும்பி வந்தபோது குழம்புச் சட்டியின் கைப்பிடியில் ஏதோ தொங்கியது.

சிவப்புச் சீட்டு. 'உப்பு' என்று எழுதியிருந்தது, வங்கி மேனேஜரின் அழகான கையெழுத்தில்.

கனகவல்லியம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கூடத்தில் பத்தொன்பது பேரும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாய்யா, கூடிப்போச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.