வாசுகி எழுதி வைத்த நம்பர்

துரத்தினார்களா? யார் சொன்னது? பாப்பம்மா, நீ கோயில் வாசலில் நின்று, "வாசுகியைத் திருடின்னு கடையை விட்டுத் துரத்திட்டாங்க" என்று சொன்னாயாமே. என் பேத்தியை யாரும் துரத்தவில்லை. அவளாகத்தான் நடந்து வெளியே வந்தாள். நான் அங்கேதான் நின்றேன். கேள்.

சுங்கைப்பட்டாணியில் சத்தியசீலன் கம்ப்யூட்டர் கடையில் அவள் ஆறு வருஷம் வேலை செய்தாள். எஸ்டேட் ஆட்கள் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு போனால் அவன் மூடியைக்கூடத் திறக்க மாட்டான். "ரொசாக்லா, செத்துப்போச்சு. புதுசு எடுங்க, இதை நான் குப்பையில போட்டுடுறேன்" என்பான்.

அந்தச் செத்ததுக்கெல்லாம் வாசுகி சாப்பாட்டு நேரத்தில் உயிர் கொடுத்துப் பார்ப்பாள். கம்ப்யூட்டரை ஓட வைக்கிற சாஃப்ட்வேர் என்று ஒன்று இருக்கிறதாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து செய்து சும்மா கொடுக்கிறார்களாம். அதை வெளியே விடுவதற்கு முன், அரைவேக்காடாக இருக்கும்போதே, பழைய கம்ப்யூட்டரில் போட்டு எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். குழம்பை இறக்குவதற்கு முன் உப்புப் பார்ப்பது போலத்தான். பார்த்ததை இன்டர்நெட்டில் எழுதும்போது அந்தக் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் நம்பர், தேதி, குறை எல்லாம் போடுவாள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

"பொணத்துக்குப் பவுடர் போடுறியா?" என்று சிரிப்பான் சத்தியசீலன்.

அந்தப் பிணங்களைத்தான் அவன் துடைத்து, மேல்மூடியை மாற்றி, புதுசு என்று விற்றான். ட்யூஷன் வாத்தியார் பரஞ்சோதிக்கு ஆறு. ஒரே மாசத்தில் இரண்டு படுத்துவிட்டன. வாத்தியார் வந்து கேட்டதும், கடை நிறைய ஆட்கள் இருக்க, இவளைக் கைகாட்டினான். "உள்ள இருந்த பார்ட்ஸை இவதான் கழட்டிட்டா. திருடி."

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றாள். வேலையை விடடி என்றேன்.

"இப்ப விட்டா அவன் சொன்னது நிஜமாயிடும் பாட்டி. எந்தக் கடையில திருடின்னானோ, அதே கடையில அவன் வாயாலேயே இல்லன்னு சொல்ல வைக்கிறேன்."

என் ரத்தம் அது!

அடுத்த சனிக்கிழமை, கடை கூட்டமாக இருந்த நேரம். இவள் சொன்னபடி பரஞ்சோதி ஆறையும் கொண்டு வந்து வைத்தார். கூட நானும் போனேன். கடையின் பெரிய திரையில் தான் எழுதியதைத் திறந்து வைத்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றி உள் நம்பரைக் காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நாலு நம்பர் லாட்டரி எடுத்தே தேய்ந்த கண் இது. ஆறும் அப்படியே ஒத்துப் போனது. மூடியை மாற்றத் தெரிந்தவனுக்கு உள்ளே நம்பர் இருப்பது நினைவில்லை.

"போன வருஷம் மார்ச் மாசம். விசிறி கத்துது, பாட்டுச் சத்தம் வரல" என்று வாசித்தாள். "புதுசு எப்படி முதலாளி போன வருஷமே கெட்டுச்சு?"

கூட்டத்திலிருந்து நம்ம எஸ்டேட் அய்யாவு பாய்ந்தார். "டேய், இது என் மகளோடதுலா! செத்துப்போச்சுன்னு சொன்னியே!"

"உள்ள வா வாசுகி, தனியா பேசலாம்" என்றான் சத்தியசீலன்.

"இங்கயே சொல்லுங்க. நான் எடுத்தேனா?"

அவன் தரையைப் பார்த்தான். "எடுக்கல."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்கல."

இன்னொரு தடவை சொன்னான். அந்த இரண்டாவது தடவை எனக்கு எப்படி இனித்தது தெரியுமா!

கடைச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அய்யாவு அவன் சட்டையைப் பிடித்திருந்தார். "போகாதே வாசுகி, இவங்ககிட்ட நீயே சமாதானம் சொல்லுலா" என்று கெஞ்சினான் சத்தியசீலன். என் பேத்தி சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தாள், கதவைத் தள்ளினாள், போய்விட்டாள்.