புளி போட்டுத் தேய்த்த காலணா

கம்பம் சந்தையில் பழைய காசு விற்பவர் ஒரு செப்புக் காலணாவை ஒதுக்கி வைத்தார். பின்பக்கத்து வருடம் மட்டும் தப்பியிருந்தது.

"கெடைக்காத வருசம்தாண்ணே. யாரோ புளி போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டாக. வெள்ளக்கார ராசா மூஞ்சியே இல்ல."

அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்கோடு சாமித்தட்டில் கிடக்கும் காலணாவையும் புளி போட்டுத் தேய்ப்பாள். கொல்லை முழுக்கப் புளிவாடை நிற்கும்.

"ராசா தல அழியுதுடி! பின்னால வெலைக்குப் போகாது" என்று அப்பா கத்துவார்.

"அழியட்டும். நம்ம சாமி முன்னால அவனுக்கு என்ன வேல?" என்று அம்மா இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

விற்பவர் தலை அழியாத வேறொரு காசை நீட்டினார்.

"அது வேணாம்" என்றேன். "தல அழிஞ்சது இருந்தா அம்புட்டையும் எடுங்க."