தீர்த்தமலைக்கு எங்களோடு வந்த நாய்

சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சாமி கும்பிடாமல்கூட இருப்பார், நடக்காமல் இருக்கமாட்டார். தருமபுரியில் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி அலுத்துப்போனதும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்விட்டு ஊர் நடப்பது என்று முடிவு செய்தார். துணைக்கு நான். வேறு யார் மாட்டுவார்கள்?

அந்த மாசி ஞாயிறு அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு. இரண்டும் பழைய ஊர்கள், மலைமேல் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, பஸ்ஸில் போகிறவனுக்கு என்ன தெரியும் என்று முந்தின நாள் முழுக்கப் பாடம் எடுத்தார். விடியற்காலைப் பஸ்ஸில் போய் அரூரில் இறங்கி, ஊர்க்கோடியில் ஒரு டீக்கடையில் நின்றோம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள அவர் பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். தான் தின்னக் கூடாததை அடுத்தவருக்குக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். கடை வாசலில் நின்ற செவலை நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

"கொஞ்ச தூரம் வந்துட்டு அதுவே திரும்பிடும், வுடு" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, நடை நன்றாகத்தான் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள், அதைத் தாண்டினால் கரும்பும் மரவள்ளியும். எங்கோ மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த மண்வாடை கலந்த ஆவி வெகுதூரம் எங்களோடு வந்தது. தெற்கே சித்தேரி மலை நீலமாகக் கிடந்தது. நாய் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு நிழலில் உட்காரும், நாங்கள் வந்து சேர்ந்ததும் எழுந்து மறுபடி ஓடும். கோவிலுக்கு வேண்டுதல் வைத்தது நீங்களா அதுவா என்று அவரைக் கேலி செய்தேன்.

பாதி வழியில் ஒரு கிராமம். அந்த ஊர் நாய்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்தன. எங்கள் நாய் அவர் காலுக்கிடையில் புகுந்து நடுங்கியது. குடையை ஓங்கி ஓங்கி எப்படியோ ஊரைக் கடந்துவிட்டோம். ஆனால் அவை போகவில்லை. ஊர் எல்லையில், நடுரோட்டில் வரிசையாக நின்று குரைத்துக்கொண்டே இருந்தன.

அதைத் தாண்டி ஒரு மரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து, "ஏங்க, உங்க நாயிங்களா?" என்றார்.

"இல்லீங்க, அரூர்லருந்து கூடவே வருது" என்றார் இவர்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "அட பாவமே! இது குட்டி போட்டிருக்குதுங்க. மடியப் பாருங்க, பால் கட்டிக் கெடக்குது. குட்டிங்க அங்க வாயப் பொளந்துக்கிட்டு இருக்குமே!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். காம்புகள் வீங்கிச் சிவந்து தொங்கின. இரண்டு பெற்றவள் நான், காலையிலிருந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

உடனே திரும்பினோம். கிராமத்து எல்லை வந்ததும் அது பின்வாங்கி, வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது. என்ன கூப்பிட்டும் வரவில்லை. தூக்கப் போன அவர் கையைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. எதிரே அந்தக் கூட்டம் உறுமிக்கொண்டு நின்றது. வழியில் வந்த ஆட்டோவை நிறுத்திக் கேட்டோம்.

"நாயா? கடிச்சு வெச்சா யாருங்க பதில் சொல்றது?" என்று ஆட்டோக்காரர் வண்டியை எடுத்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன?

வரப்பு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்க்கலாம் என்றார் இவர். அப்போதுதான் அவர் விந்தி நடப்பதைக் கவனித்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் ஒட்டியிருந்தது. சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இவர் அண்ணன் ஒரு காலோடுதான் போய்ச் சேர்ந்தார். "போதும், பஸ் பிடிக்கலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்துத் தீர்த்தமலையிலிருந்து ஒரு பஸ் வந்தது. நாயை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கண்டக்டரிடம் கெஞ்சினார். அதற்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். "முடியாதுங்க சார், ஏறுங்க, நேரமாவுது."

பஸ் நகர்ந்ததும் நாய் பின்னால் ஓடி வந்தது. பஸ் போவது அரூருக்கு. இப்படியே ஓடி வந்தால் போதும், குட்டிகளிடம் சேர்ந்துவிடும்! நான் பின்சீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் கையை வைத்து, "வா, வா" என்றேன். அக்கம்பக்கம் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் எனக்கு அப்போது இல்லை. கிராமம் வந்தது. நாய்கள் எழுந்தன. எங்கள் நாய் நின்றது. இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவை துரத்த, வந்த வழியே திரும்பி ஓடியது. பிறகு வளைவு வந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

அரூரில் இறங்கி அந்த டீக்கடைக்குப் போய்க் குட்டிகளைப் பற்றிக் கேட்டோம்.

"அதுங்களா? கடைக்குப் பின்னால அந்த சிமெண்ட் கொழாய்க்குள்ள கெடக்குதுங்க. மத்தியானத்துலருந்து ஒரே கத்தல். ஆத்தாக்காரி எங்க போனாளோ" என்றார் கடைக்காரர்.

நான்கு குட்டிகள். கண் அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. பால் வாங்கி ஒரு மூடியில் ஊற்றி வைத்தேன். அவற்றுக்கு நக்கத் தெரியவில்லை, பாலுக்குள் கால் வைத்து நனைந்து நடுங்கின. முந்தானை நுனியை நனைத்து வாயில் வைத்தேன். ஒன்று புரையேறி இருமியது. கத்தின ஒன்று கத்துவதை நிறுத்திப் படுத்துவிட்டது, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"வந்துடுங்கம்மா. நாய்க்கு வழி தெரியாதா?" என்றார் கடைக்காரர். அந்த நாய்க் கூட்டத்தை அவர் பார்க்கவில்லை.

இவர் புண்பட்ட காலை நீட்டிக் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

துடைத்துவிடலாம் என்று ஒரு குட்டியை எடுத்தேன். அது முகத்தை ஆட்டி ஆட்டித் தேடி என் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டது. பல் இல்லாத ஈறு, சின்ன நாக்கு. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அது உறிஞ்சியது. தருமபுரி பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அது விடவில்லை, இப்போது வந்துவிடும் என்று நம்பி இழுத்துக்கொண்டே இருந்தது.