இரண்டு இடத்தில் ஒரே N

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா மேடம் அழுதார். காரணம், ஓர் எழுத்து. அதை எழுதியவன் நான்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைக் கட்டிக்கொண்டு அழுபவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர் ஸ்டெல்லா. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஒரு வருஷம் தொட்டியத்துக்கு பஸ்ஸில் போய், ஆறு தோட்டங்களில் வாழைத்தார்களை எடை போட்டு நோட்டில் எழுதினார். சராசரி போடும் புரோகிராம் என் கைவண்ணம். முதல் தோட்டத்தைக் கையாலும் போட்டுப் பார்த்தோம். கச்சிதம்! அதோடு விட்டுவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அவருடைய கைடு நாலாவது தோட்டத்தைச் சரிபார்த்தார். ஒட்டவே இல்லை.

"நோட்டுல ஒண்ணு, டேபிள்ல ஒண்ணு. இதுல எதும்மா கற்பனை?"

"நானே நின்னு எடை போட்டேன் சார்."

கைடு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க சார்."

மனசு கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் ஆளாக வந்து புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். மெயின் புரோகிராமில் N என்பது தோட்டத்துக்கு இத்தனை என்று ஆரம்பத்தில் ஒரே தடவை கொடுத்த மரங்களின் எண்ணிக்கை. நடுவில் வரும் சப்ரூட்டீன் என்ற துணைப் பகுதியில் வேறு எதையோ எண்ணுவதற்கும் N என்றே வைத்திருந்தேன். சில கம்ப்யூட்டர் மொழிகளில் சப்ரூட்டீனுக்குத் தனி அறை உண்டு. உள்ளே என்ன மாற்றினாலும் வெளியே இருப்பது அப்படியே இருக்கும். நாங்கள் எழுதும் பேசிக் மொழியில் சுவரே கிடையாது... எல்லாம் ஒரே கூடம். முதல் தோட்டம் முடிந்ததும் மரங்களின் எண்ணிக்கை அழிந்துபோனது. மீதி ஐந்தும் தப்பு.

N-ஐ J ஆக்கினேன். இரண்டு நிமிஷ வேலை. விடைகள் நோட்டோடு பொருந்தின.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வியாழக்கிழமை கேன்டீனில், "அந்த மேடம் நம்பரை அடிச்சு விட்டுட்டாங்களாமே" என்று யாரோ சொன்னார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கைடிடம் ஒப்புக்கொண்டேன். "அப்படியா? சரி" என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

திருத்திய தாள்களை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். ஓரத்தில் வழக்கம்போல நான் பேனாவால் தேதி போட்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமையே தெரியுமா சார்?"

பேசிக்கைத் திட்டி இந்த வாரப் பத்தியை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.