பரீதா காட்டிய கற்பிட்டி

யாழ்ப்பாணத்தில் மாலை ஏழு மணிக்கு ஏறிய கொழும்பு பஸ், விடியப்புறம் நாலரைக்கு என்னைப் புத்தளத்தில் இறக்கிவிட்டது. இடுப்பு முறிந்துபோயிருந்தது. கூடப் படித்த நிசார் தன் ஆட்டோவோடு நின்றான். தொண்ணூறில் எங்கள் வீதியிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. சண்டை முடிந்துவிட்டது, அவனுக்கு ஊருக்கே திரும்பிவிட ஆசை, மனைவி பரீதாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "நீ வந்து கதைச்சா கேப்பாள்" என்று போனில் கெஞ்சியிருந்தான். அதற்குத்தான் இந்தப் பயணம்.

கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் அவர்கள் வீட்டில் பாணும் மீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டுப் பாயைத் தேடினேன். பரீதா விடவில்லை.

"படுக்கவா அண்ண இவ்வளவு தூரம் வந்தீங்க? எழும்புங்க, எங்கட ஊரைக் காட்டுறன்."

'எங்கட ஊர்' என்பதை நிசாரைப் பார்த்துத்தான் சொன்னாள். வந்த விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

எட்டரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரை, காற்றாலைகள், பிறகு மணல் தரையில் பச்சைப்பசேலென்று வெங்காயத் தோட்டம். "யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கு இது தோக்குமா அண்ண?" என்றாள். தோட்டக்காரன் மகன் நான். எப்படிப் பொய் சொல்வது? "தோக்காது தங்கச்சி" என்றேன்.

"நீ ஆர்ர பக்கமடா?" என்று நிசார் முறைத்தான்.

தலவில கத்தோலிக்கக் கோயிலை வாசலில் நின்று பார்த்தோம். கற்பிட்டிக் கோட்டைக்குப் போகும்போது பதினொன்றரை. தெருவில் கழுதைகள்கூட நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தன, நாங்கள்தான் அலைந்தோம். வாசலில் நின்ற கடற்படைச் சிப்பாய் எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டான். "யாபனே" என்று யாழ்ப்பாணத்தைச் சொன்னான் நிசார். "கல்பிட்டிய" என்றாள் பரீதா, அதே மூச்சில். சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். நிசார் ஆட்டோவை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"கடைசியா ஒரு இடம்" என்று அவள் நிறுத்தச் சொன்னது மையவாடிக்கு, அவர்களின் இடுகாட்டுக்கு, முன்னால். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதிலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உம்மா இங்கதான் அண்ண. அகதி முகாம்ல இருக்கக்குள்ளயே மௌத்தாப் போனா. எங்கட பொம்புளைகள் உள்ள போற வழக்கமில்ல. வெள்ளிக்கிழமையில இவர்தான் போய் துஆ கேக்கிற. எனக்கு ரெண்டும் பொம்புளப் புள்ளைகள். இவரும் யாழ்ப்பாணம் போயிட்டா, உம்மாட்டப் போக ஆரு இருக்கா?"

நிசாரின் முகம் மாறிவிட்டது. "இத ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"நீங்கதான் ஊர் ஊர் எண்டு நிக்கிறீங்களே. எப்பச் சொல்ற?"

அவன் உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை. மதிலோரம் குந்தியிருந்த எனக்கு, இவ்வளவு அலுப்போடு ஏன்தான் வந்தேனோ என்றிருந்தது.

மாலையில் புத்தளம் பஸ் நிலையத்தில், "நான் ஒண்டும் கதைக்கேல்லையடா" என்றேன்.

"தெரியும். விடு."

"அப்ப, நீ எப்ப வாறாய்?"

"பெருநாள் கழிய வாறன். ரெண்டு நாள் நிப்பன்." என் பையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தயங்கினான். "உன்ர வீட்டில படுக்க இடமிருக்குத்தானே?"

சொந்த வீடு வளவு இருக்கிற வீதியில் படுக்க இடம் கேட்கிறான். "இருக்கடா" என்றேன்.