வேப்பிலையும் கால்சியம் மாத்திரையும்

ஏழு வயதுக்குள் என் மகளுக்குத் தொடை, முன்கை, முதுகெலும்பு என்று பல இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. சின்னப் பிள்ளைக்கும் எலும்பு வலுவிழக்கும் என்பதை எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவில் யாரும் நம்பவில்லை. "பால் குடுக்கலியா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பெரிய மருத்துவமனையில் எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். முதல் தடவை காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் கால்சியம் மாத்திரையை நிறுத்தக்கூடாது. உதடு மரத்துப்போனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே கொண்டுவர வேண்டும்.

மறுநாள் காய்ச்சல் வந்தது, கூடவே வியர்க்குருவும். என் கணவரின் அக்கா வந்து பார்த்துவிட்டு, அம்மை என்று முடிவு கட்டி வாசலில் வேப்பிலை செருகினார். இனி தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கிடையாது, வீட்டை விட்டு வெளியே போகவும் கூடாது. கணவர் அக்கா பேச்சைத் தட்டமாட்டார். மாத்திரை டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தார். எனக்கும் அம்மன் என்றால் பயம்தான்.

அதற்கடுத்த நாள் காலையில் மகள், "மா, உதடு மரத்த மாதிரி இருக்கு" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அம்மன் கோவிச்சுக்குவா" என்றார் கணவரின் அக்கா.

"கோவம்னா என் மேல வரட்டும் அண்ணி. பிள்ளை மாத்திரையோட அவளுக்கு என்னலா சண்டை?"

பக்கத்து வீட்டுக்காரர் தன் காடியை எடுத்து எங்களை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். ரத்தத்தில் கால்சியம் ரொம்பவும் இறங்கியிருந்தது. உடனே நரம்பில் ஏற்றினார்கள். உடம்பில் இருந்தது வெறும் வியர்க்குரு என்றார் டாக்டர். பின்னாலேயே வந்த கணவர், சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு ஒரு டிரிப்பும் தவறவில்லை. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. போன மாதம் எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுச் சைக்கிளை ஓட்டி, தார்ச்சாலையில் விழுந்தாள். நான் ஓடிப் போவதற்குள் தானே எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தோல் மட்டும் உரிந்திருந்தது. கை காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் வலிக்கவில்லை என்றாள்.

"கழுதை, கண்ண எங்க வெச்சிருக்க?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மற்ற அம்மாக்களைப் போல விழுந்த பிள்ளையைத் திட்டுவதற்கு எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. திட்டுக்குத்தான் அவள் அழுதாள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.